நாலு பேர் தூக்கிய தோசை வண்டி

உப்புக்கடவு வார்டில் ஷாஜியை எதிர்த்து நிற்க ஆளே இல்லை என்ற செய்தி பரவியபோது, அதைக் கேட்டு ரொம்பவும் மனசொடிந்து போனவர் ஷாஜிதான்.

மட்டாஞ்சேரிப் பக்கம் வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஷாஜி சேட்டன் என்று சொன்னால் கை தன்னால் நெஞ்சுக்குப் போகும். இருபது வருஷமாக வார்டு அவர் கையில். சட்டப்படி வார்டு ஒரு தடவை பொதுவில் வரும், மறு தடவை பெண்களுக்குப் போகும். பொதுவில் வந்தால் ஷாஜி ஜெயிப்பார். பெண்களுக்குப் போனால் அவர் மனைவி சுமா ஜெயிப்பாள். இப்போது முடிந்த ஐந்து வருஷமும் சுமாதான் கவுன்சிலர். ஆனால் மனு வாங்கியது ஷாஜி, மைக் பிடித்தது ஷாஜி, நாடா வெட்டியது ஷாஜி. ரேஷன் கடையில் ஒருத்தி "கவுன்சிலரே" என்று கூப்பிட்டபோது, சுமா திரும்பிப் பார்த்து வீட்டுக்காரரைத் தேடினாள் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் எதைத்தான் சொல்லாது! ஆனால் இது நடந்திருக்கும்.

இந்தத் தடவை வார்டு பொதுவில் வந்திருந்தது. வேட்புமனு கொடுக்க மூன்றே நாள் பாக்கி. போன தடவை எதிர்த்து நின்ற அம்மாளின் புருஷன் இப்போது ஷாஜியின் கமிட்டியில் பொருளாளர். அதற்கு முந்தின தடவை நின்றவர் செத்துப்போனார். அந்தச் சாவு வீட்டுக்கு மலர்வளையத்தோடு முதலில் போய்ச் சேர்ந்தவரும் ஷாஜிதான். இனி யார் நிற்பார்கள்?

போட்டியில்லாமல் ஜெயிப்பது நல்லதுதானே என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டேவிட்டார். ஷாஜி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மோனே, போட்டி இல்லேன்னா பிரசாரம் இல்லே. பிரசாரம் இல்லேன்னா வரவேற்பு இல்லே, பொன்னாடை இல்லே, மைக் இல்லே, பிரியாணி இல்லே. ஜனங்களுக்கு என்மேலே எத்தனை சிநேகம்! அதை அவங்க எங்கே கொண்டு போய் வைப்பாங்க? ஜனநாயகத்தில எதிரி வேணும். நல்ல ஆளா, மரியாதைக்காரனா, தோற்கத் தெரிஞ்சவனா ஒருத்தனைக் கொண்டு வாங்க."

கமிட்டியின் கண் இசக்கிதுரைமேல் விழுந்தது.

இசக்கிதுரை தட்டுக்கடைக்காரர். சாயங்காலம் நாலு மணிக்குத் தோசை வண்டியை வீட்டிலிருந்து பஜார் முனைக்குத் தள்ளிக்கொண்டு போவார், வியாபாரம் முடிந்ததும் தள்ளிக்கொண்டு திரும்புவார். அரிசிக் கிட்டங்கியிலும் மிளகுக் கிட்டங்கியிலும் மூட்டை இறக்குகிறவர்களுக்கு அவர் தோசைதான் சாப்பாடு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. வோட்டர் அட்டை உண்டு, ரேஷன் அட்டை உண்டு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகா என்ற மகள் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே போகிற சாக்கடையின்மேல் சிலாப் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்து அந்தச் சிலாப்பை நொறுக்கிவிட்டுப் போனது. சாக்கடையோ மூன்றடி அகலம். மனிதர்கள் தாண்டிவிடலாம், வண்டி தாண்டுமா? மறுநாளே ஷாஜி வந்தார். குனிந்து பார்த்தார், உச்சுக் கொட்டினார், இந்தக் கரையில் நின்று ஒரு போட்டோவும் அந்தக் கரையில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். "இசக்கி, ஒண்ணும் விஷமிக்கண்டா, வருத்தப்படாதே. நான் இருக்கேன்," என்றார்.

சொன்ன சொல் தவறவில்லை. அன்று நாலு மணிக்கே கமிட்டி ஆபீசிலிருந்து வேலனும் இன்னும் மூன்று பேரும் வந்து, வண்டியை அலாக்காகத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். திரும்பி வரும்போது தூக்கி வீட்டுப் பக்கம் வைத்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மழையானாலும் தூக்கினார்கள், ஓணமானாலும் தூக்கினார்கள். கைநீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. தூக்கி வைத்ததும் வேலன் மட்டும், "ஷாஜி சேட்டனோட சிநேகம்," என்பான். இசக்கிதுரை ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. சிலாப் இருந்திருந்தால் இந்தக் கும்பிடெல்லாம் வீணாய்ப் போயிருக்கும்.

மற்ற நேரங்களில் அந்த நாலு பேரும் கமிட்டி ஆபீஸ் வாசலில் கிடக்கும் பெரிய சிமென்ட் பலகை ஒன்றில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார்கள்.

இசக்கிதுரையின் மனைவி செல்வலட்சுமி மட்டும் கும்பிடுவதில்லை. கும்பிட அவள் கை சரியாகச் சேராது என்பதும் ஒரு காரணம். போன மழையில் கடல் தண்ணீர் ஏறித் தெருவும் சாக்கடையும் ஒரே மட்டமாகக் கிடந்தபோது, மாவுச் சட்டியோடு உள்ளே விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்துபோனது. ஷாஜி ஒரு பை ஆரஞ்சோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வார்டே உருகியது. எலும்பு கோணலாகத்தான் கூடியது.

"பிள்ளையையும் கிள்ளிட்டு தொட்டிலையும் ஆட்டுதாரு," என்றாள் செல்வலட்சுமி.

"மெதுவாப் பேசுட்டி. நாலு மணிக்கு ஆளு வரணும்," என்றார் இசக்கிதுரை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் கமிட்டிச் செயலாளர் ரமேஷ்பாபு கையில் ஒரு பைலோடு வந்தான். அவன் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம்.

"அண்ணா, நீங்க சேட்டனுக்கு எதிரா எலெக்ஷன்ல ஸ்தானார்த்தியா நிக்கணும்."

இசக்கிதுரை எழுந்தே விட்டார். "அய்யய்யோ! தெனமும் என் வண்டியத் தூக்கிவிடுத மனுசனுக்கு எதிராவா? சோத்துல மண்ணள்ளிப் போடுத காரியமில்லா அது!"

"சேட்டன் சொல்லித்தானே வந்திருக்கேன். நீங்க நிக்கலேன்னாத்தான் நன்றிகேடு."

"அப்போ என் சிலாப்பு? மனு கொடுத்து மூணு வருசமாச்சே."

"இப்போ மனு வாங்கப் பாடில்லே அண்ணா, வாங்கக் கூடாது. எலெக்ஷன் நடத்தை விதி வந்தாச்சு. வேட்புமனு மட்டும்தான் வாங்கலாம். நீங்க நில்லுங்க, தோத்துக் கொடுங்க. சேட்டன் பதவி ஏத்ததும் முதல் பைல் உங்க சிலாப்பு. இது ரமேஷ்பாபு வாக்கு."

மூன்று வருஷமாக சிலாப் என்ற சொல்லோடு சேர்ந்து 'முதல்' என்ற சொல்லை இசக்கிதுரை கேட்டதே இல்லை. ஒப்புக்கொண்டார்.

கமிட்டி ஆபீஸ் வாசலில், அந்தச் சிமென்ட் பலகையின்மேல் வைத்துத்தான் மனுவில் கையெழுத்துப் போட்டார். முன்மொழிந்தவர் பொருளாளர், தோற்பதில் அவர் குடும்பத்துக்கு அனுபவம் உண்டு. சின்னம் எது வேண்டும் என்று கேட்டபோது, தள்ளுவண்டி இருந்தால் தேவலை என்றார் இசக்கிதுரை. ரமேஷ்பாபு மெழுகுவர்த்தியில் டிக் செய்தான். "இது நல்ல ராசி அண்ணா. கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு தானா அணைஞ்சிரும். யாருக்கும் மனஸ்தாபம் வராது."

மறுநாள் நாலு மணியாயிற்று. ஆளைக் காணோம். நாலேகால், நாலரை. மாவு பொங்கிக்கொண்டிருந்தது. இசக்கிதுரை ஆபீசுக்கு ஓடினார். நாலு பேரும் பலகையில் உட்கார்ந்து சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேலா, மணி என்னாச்சு?"

வேலன் எழுந்து நின்றான். இதுவரை அவன் இசக்கிதுரைக்கு எழுந்து நின்றதில்லை. "அண்ணா, நீங்க இப்போ எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி வண்டிய நாங்க தூக்கினா, வோட்டரைக் கவர லஞ்சம் கொடுத்த மாதிரி ஆயிரும். கேஸ் வரும். எலெக்ஷன் கழியட்டும், முன்னப்போலவே தூக்கறோம்."

"அது வரைக்கும் நான் எப்படிப் பிழைக்கது?"

"அதை நீங்க பிரசாரத்தில சொல்லலாமே," என்றான் வேலன். உண்மையிலேயே உதவி செய்யும் எண்ணத்தோடுதான் சொன்னான்.

அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் கைவைக்கவில்லை. "நாங்க தூக்கினா கட்சி மாறிட்டோம்னு பேச்சு வரும் இசக்கி. பையனுக்கு சர்டிபிகேட்டுக்கு சேட்டன்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கு," என்றார் எதிர்வீட்டுக்காரர். இன்னொருவருக்கு முதுகுவலி. எதிர்க்கட்சி வண்டி என்றதும் தெருவில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிட்டது.

சிலாப்புக்காகத் தேர்தலில் நின்றவனுக்குப் பிழைப்புப் போயிற்று. செல்வலட்சுமி எழுந்து வந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே அடுப்பைப் பற்றவைத்துத் தோசை வார்த்தாள். வாடிக்கைக்காரர்கள் பஜார் முனையில் தேடிவிட்டு வீட்டுக்கே வந்தார்கள். அவர்கள் தெருப் பக்கம் நின்றார்கள், இவள் வீட்டுப் பக்கம் நின்றாள், நடுவே சாக்கடை. தட்டு கைமாறிப் போனது. சில தோசை போய்ச் சேர்ந்தது, சில சேரவில்லை.

பிரசாரம் தொடங்கியது. வார்டில் இருந்தது ஒரே மைக் ஆட்டோ, ஒரே அறிவிப்பாளர் தங்கதுரை. காலையில் ஷாஜிக்கு, மத்தியானம் இசக்கிதுரைக்கு. காலையில் தங்கதுரை, "உப்புக்கடவின் விளக்கு, ஏழைகளின் தோழர், உங்கள் ஷாஜி இதோ வருகிறார், வருகிறார், வந்துகொண்டே இருக்கிறார்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். மத்தியானம் குரல் கம்மிவிடும். "இசக்கிதுரையும் நிற்கிறார்," என்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. மனிதத் தொண்டை ஒன்றுதானே.

எதிர்க்கட்சி என்றால் குற்றம் சொல்ல வேண்டும். அதற்கும் கமிட்டியே ஒரு நோட்டீஸ் தயார் செய்து கொடுத்தது. மலையாளத்தில் இருந்தது. இசக்கிதுரைக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. மகாவுக்கோ தமிழைவிட மலையாளம்தான் நன்றாக வாசிக்க வரும். அவள் வாசித்துச் சொன்னாள்.

"கவுன்சிலர் ஷாஜிமேல எங்களோட குற்றச்சாட்டு. ஒண்ணு, அவர் நேரத்துக்குச் சாப்பிடறதில்லை. ரெண்டு, வார்டு வார்டுன்னு ஓடிச் சொந்தக் குடும்பத்தைக் கவனிக்காம விட்டுட்டார். மூணு, போன மழையில நனைஞ்சபடியே நடந்து தன் ஆரோக்கியத்தைப் பாழாக்கிட்டார். இதை நாங்க வன்மையாக் கண்டிக்கிறோம்." மகா தலைநிமிர்ந்தாள். "அப்பா, இது எதிர்ப்பா?"

"கண்டிக்கோம்னு இருக்குல்லா?" என்றார் இசக்கிதுரை.

அவர் ரமேஷ்பாபுவிடம் போய், நோட்டீசில் ஒரு ஓரத்தில் சிலாப்பையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கமிட்டி ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. கடைசியில் ரமேஷ்பாபு வெளியே வந்தான். "சிலாப்பு வளர்ச்சிப் பிரச்சினை அண்ணா. வளர்ச்சியில அரசியல் கலக்கப் பாடில்லே. நீங்க பொறுப்பான எதிர்க்கட்சியா நடக்கணும்."

இதற்கிடையில் சாக்கடைக் கரையில் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. தோசைக்குக் காத்து நிற்கிறவன் சும்மா நிற்பானா? கீழே பார்ப்பான். பார்த்தால் பேச்சு வரும். "எங்க வீட்டு முன்னாலயும் இதே கதைதான்," என்றான் ஒருவன். "எங்க அம்மா விழுந்தாங்க," என்றான் இன்னொருவன். ஷாஜியின் பிளெக்ஸ் கட்டிவிட்டு வந்த பையன்களே ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தோசையும் கையுமாகச் சாக்கடையை அளந்து பேசினார்கள். இசக்கிதுரை கையைப் பிசைந்துகொண்டு, "வளர்ச்சியில அரசியல் பேசாதீங்கய்யா," என்று எல்லாரையும் கெஞ்சினார்.

செய்தி ஷாஜிக்குப் போயிற்று. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தூக்கம் கெட்டது என்று சுமா பிறகு சொன்னாள். மறுநாளே பஜார் முனையில் பெரிய கூட்டம் போட்டார். ஒரே மேடைதான் இருந்ததால் இசக்கிதுரைக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது.

"என் பிரியப்பட்ட நாட்டுக்காரே!" என்றார் ஷாஜி. "சிலாப்பு சிலாப்புன்னு ஒரு பேச்சு கேட்கறேன். சிலாப்பு போட எத்தனை நேரமாகும்? எந்தக் கவுன்சிலரும் போடுவான், ஒண்ணுக்கும் உதவாதவனும் போடுவான். ஆனா நான் கேட்கறேன், சிலாப்புக்கு சிநேகம் உண்டா? நீங்க அதுமேல நடக்கும்போது, சாப்பிட்டியா, மோளுக்கு எப்படி இருக்குன்னு சிலாப்பு கேட்குமா? என் பிள்ளைங்க நாலு பேர் மூணு வருஷமா தினம் இந்த இசக்கியோட வண்டியைத் தூக்கறாங்க. இது உறவு! உறவை உடைச்சிட்டு சிமென்ட் வைக்கச் சொல்றாங்க!"

கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"இந்த வருஷம் மட்டும் நம்ம வார்டில சாக்கடையில விழுந்தவங்க பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரையும் ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தவன் யாரு? ஆரஞ்சு கொண்டு போனவன் யாரு? பக்கத்து வார்டில போய்ப் பாருங்க. எல்லா இடத்திலும் சிலாப்பு. ஒருத்தன் விழறதில்லே. அதனால என்னாச்சு? அங்கத்தே கவுன்சிலரை எதிர்ல பார்த்தா ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது!"

முன் வரிசையில் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்று கை தட்டினார். தட்டியதில் கோல் நழுவி விழப் போனார். நாலு பேர் ஓடிவந்து தாங்கினார்கள். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷமாயிற்று. இசக்கிதுரையும் தட்டினார். தனக்கு எதிராகத்தான் பேசுகிறார்கள் என்பது நாற்காலியிலிருந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது.

பிரசாரத்தின் கடைசி நாள் கொட்டிக்கலாசம். இரண்டு கட்சியும் செண்டை மேளத்தோடு முக்கில் மோதி, யார் சத்தம் பெரிது என்று பார்க்கும் நாள். ஷாஜிக்கு இருபது செண்டை வந்திருந்தது, இசக்கிதுரைக்கு ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மோதல் எப்படி வரும்? ரமேஷ்பாபு யோசித்து ஐந்து செண்டையை இசக்கிதுரை பக்கம் பிரித்து அனுப்பினான். அந்த ஐவரும் பழக்கதோஷத்தில் ஷாஜி பெயரைச் சொல்லியே அடித்தார்கள்.

இசக்கிதுரை அங்கே இல்லை. பதினாறு நாளாகப் பஜார் வியாபாரம் இல்லாமல் மனுஷனுக்கு வெறுத்துப்போயிருந்தது. கொட்டிக்கலாசம் என்றால் முக்கில் ஆயிரம் பேர் நிற்பார்கள், ஆயிரம் பேருக்கும் பசிக்கும். எங்கிருந்தோ ஒரு மரப்பலகையை இழுத்து வந்து சாக்கடைமேல் போட்டு, வண்டியைத் தனியாகத் தள்ளினார். பலகை படாரென்று முறிந்தது. முன்சக்கரம் இரண்டும் உள்ளே இறங்க, தோசைக்கல் சறுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. சட்டினி, சாம்பார், மாவு எல்லாம் அதன் பின்னால் போயின.

அந்த நேரம் பார்த்து ஷாஜியின் ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. ஷாஜி கையை உயர்த்தினார். மேளம் நின்றது. கழுத்திலிருந்த பொன்னாடைகளை ரமேஷ்பாபு கையில் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றினார், சாக்கடைக்குள் இறங்கினார். முழங்கால் வரைக்கும் கறுப்புத் தண்ணீர். தோளை வண்டிக்கடியில் கொடுத்து ஒரு உந்து உந்தினார். வண்டி மேலே வந்தது. பிறகு குனிந்து, இரண்டு கையையும் அந்தத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, தோசைக்கல்லை எடுத்து இசக்கிதுரையிடம் நீட்டினார்.

நடத்தை விதிக்கு இது ஒத்துவருமா என்று ஒருவன் முணுமுணுத்தான். "விதி கட்சிக்காரங்களுக்கு. கருணைக்கு விதி இல்லே," என்றான் ரமேஷ்பாபு, போனில் வீடியோ எடுத்தபடியே.

இசக்கிதுரை அழுதுவிட்டார். நடிப்பில்லை, நிஜமான அழுகை. யார் இறங்குவார்கள் இந்தச் சாக்கடைக்குள்? பெற்ற தகப்பன் இறங்குவானா?

"சிலாப்புப் போட்டிருந்தா அவரு இறங்கவே வேண்டாமே," என்றாள் செல்வலட்சுமி. மேளம் மறுபடியும் தொடங்கிவிட்டதால் யார் காதிலும் விழவில்லை.

தேர்தல் நாள். வாக்குச்சாவடியில் இசக்கிதுரை மெஷின் முன்னால் நின்றார். தன் பெயரும் மெழுகுவர்த்தியும் அங்கே இருந்தன. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சாக்கடையிலிருந்து நீண்ட அந்தக் கறுத்த கை கண்ணுக்குள் நின்றது. ஒரு வோட்டு குறைந்து, அதனால் சேட்டன் மனசு கோணி, அதனால் முதல் பைல் இரண்டாவது பைலாகிவிட்டால்? விரல் அவரைக் கேட்காமலே ஷாஜிமேல் போய் அழுத்தியது. வெளியே வந்தபோது நல்ல காரியம் செய்த நிம்மதி இருந்தது.

வோட்டு எண்ணி முடித்தார்கள். ஷாஜி இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. இசக்கிதுரை ஒன்று.

உப்புக்கடவில் இப்படியொரு வெற்றி கண்டதில்லை. வெடி போட்டார்கள், பாயசம் காய்ச்சினார்கள். ஆனால் கமிட்டி ஆபீசுக்குள் முகங்கள் சரியில்லை. அந்த ஒன்று யாருடையது? ரமேஷ்பாபு வோட்டர் பட்டியலை விரித்து வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். வேலனைக்கூடக் கேட்டார்கள். அவன் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தான்.

மறுநாள் காலையில் ஷாஜியே நன்றி சொல்ல இசக்கிதுரை வீட்டுக்கு வந்தார். கூடவே கமிட்டி, லட்டுப் பெட்டியோடு சுமா. எல்லாரும் சாக்கடையைத் தாண்டி உள்ளே வந்து நின்றார்கள்.

"இசக்கி, அந்த ஒண்ணு உன்னோட சொந்த வோட்டுதானே?" ஷாஜி சிரித்துக்கொண்டே கேட்டார். கண் சிரிக்கவில்லை. "தனக்குத்தானே போடறது தப்பில்லே. நான் விஷமிக்கலே."

"ஆ... ஆமா சேட்டா," என்றார் இசக்கிதுரை.

"பொய்யி," என்றாள் செல்வலட்சுமி, மாவைக் கரைத்தபடியே. "அவுக உங்களுக்குத்தான் போட்டாக. மொகத்தப் பார்த்தாலே தெரியுதே. அந்த ஒண்ணு நான் போட்டது."

ஷாஜி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். நிஜமாகவே நொந்துபோனார். "செல்வலட்சுமி, நான் என்ன குறை வெச்சேன்? ஆஸ்பத்திரிக்கு வந்தேனே. ஆரஞ்சு நல்லா இல்லையா?"

"ஆரஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு." அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு கோணிக்கொண்டு நின்றது. "இது நல்லா இல்ல. எனக்கு உங்க சிநேகம் வேண்டாம் சேட்டா, சிலாப்பு போதும். அடுத்த தடவை வார்டு பொம்பளைகளுக்குத்தானே? சுமா சேச்சிக்கு எதிரா ஆளு தேடி நீங்க அலைய வேண்டாம். நானே நிக்கேன். கையில ஒரு வோட்டு இருக்கு."

கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய இடத்தில் சுமா லட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு," என்றாள்.

ஷாஜி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவள் பொது இடத்தில் பேசிய முதல் சொல் அதுதான் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

அன்று மத்தியானமே சிலாப் வந்தது. எங்கிருந்தும் லாரியில் வரவில்லை. வேலனும் மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் தாங்கள் உட்கார்ந்து சீட்டாடிய சிமென்ட் பலகையைப் பெயர்த்துக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சாக்கடைமேல் இறக்கினார்கள். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது, பொருந்தாமல் என்ன செய்யும்? இறக்குவதற்கு முன் நிமிர்த்தி வைத்தபோது அடிப்பக்கத்தில் பெயின்டில் ஏதோ எழுதியிருந்தது. மகா குனிந்து வாசித்தாள்.

"அப்பா, நம்ம வீட்டு நம்பர் போட்டிருக்கு. தேதியும் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி உள்ளது."

அந்தப் பலகைமேல் வைத்துத்தான் இசக்கிதுரை வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலை முழுக்க முடிய நாற்பது நிமிஷமாயிற்று.

நாலு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சிலாப்பின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் ஷாஜியின் பிளெக்ஸ், 'இசக்கிதுரையின் கனவு நனவானது' என்று. நாலு பேரும் தயாராக நின்றார்கள்.

"மிதிச்சிராதீங்க அண்ணா," என்றான் வேலன். "இன்னும் திறப்புவிழா ஆகலே. மந்திரிகிட்ட தேதி கேட்டிருக்கு. ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகும். அது வரைக்கும் சேட்டன் தூக்கிவிடச் சொன்னார்."

ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். வண்டி எழும்பியது. புதுச் சிலாப்பின்மேல் ஒரு கால்கூடப் படாமல், அந்தரத்தில், இரண்டு பக்கமும் எட்டிக் காலை அகட்டி வைத்து நாலு பேரும் முக்கிக்கொண்டு நின்றார்கள். இசக்கிதுரையின் கைகள் தன்னால் சேர்ந்து ஆபீஸ் இருக்கும் திசைக்குத் திரும்பின.

"இறக்கு," என்றாள் செல்வலட்சுமி.

அந்தக் குரலுக்கு வண்டி தானாக வீட்டுப் பக்கமே இறங்கியது. அவள் வண்டியிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்தாள். இருபது வருஷமாகக் கல்லைச் சுரண்டிச் சுரண்டி அதன் முனை கத்தியாகத் தேய்ந்திருந்தது. நாடாவை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டு, ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடகடவென்று சிலாப்பைக் கடந்து தெருவுக்குப் போனாள்.

நாலு பேரும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை தட்டினார்கள். நாடா அறுந்தால் தட்டித்தான் அவர்களுக்குப் பழக்கம்.